பாவாடை என்றொரு ஆண்பெயர்: எங்கிருந்து வந்தது, ஏன் காணாமல் போகிறது

பழைய மலாயாத் தோட்டத்துச் செக்ரோல் ஏடு (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) ஒன்று கைக்குக் கிடைத்தால் பெயர்களை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். முனியாண்டி, பெருமாள், சின்னப்பன், அங்கமுத்து, சடையன் என்று போகும் வரிசையில் திடீரென்று ‘பாவாடை’ என்று ஒரு பெயர் வரும். அதுவும் ஆண்கள் பக்கத்தில், பால்மரம் வெட்டுவோர் பட்டியலில். தாத்தாவின் பிறப்புச் சான்றிதழையோ அப்பாவின் ஐசியையோ (அடையாள அட்டையையோ) முதல் தடவை உற்றுப் பார்க்கும் பேரப்பிள்ளைகள் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். கிராணி (தோட்டத்து எழுத்தர்) தப்பாக எழுதிவிட்டாரா? யாரோ கேலிக்கு வைத்த பட்டப்பெயர் பதிவில் ஏறிவிட்டதா? தாத்தாவுக்குப் பதில் பாட்டியின் விவரம் வந்துவிட்டதா?

மூன்றும் கிடையாது. பாவாடை என்பது முறையாக வைக்கப்பட்ட ஆண்பெயர். வைத்தவர்கள் எழுத்து அறியாதவர்களாக இருக்கலாம், என்ன பெயர் வைக்கிறோம் என்று அறியாதவர்கள் அல்லர். அது எந்தச் சாமியின் பெயர், எந்த வட்டாரத்துக்காரர்கள் வைத்தது, மலாயாவுக்கு எப்படி வந்தது, இங்கே ஏன் இரண்டே தலைமுறையில் கரைந்தது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்குச் சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவையும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களையும் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு, போகப்போகத் தெரியும்.

1. பெயருக்குப் பின்னால் நிற்கும் சாமி

தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்மலையனூர் இருக்கிறது. அங்கே கோயில் கொண்டிருப்பவள் அங்காளபரமேசுவரி. மாசி மாதம் மகாசிவராத்திரிக்கு மறுநாள் நடக்கும் மயானக் கொள்ளைக்கும், அமாவாசை இரவுகளில் நடக்கும் ஊஞ்சல் உற்சவத்துக்கும் பல மாவட்டங்களிலிருந்து சனம் திரளும். பருவதராச குலத்தார் எனப்படும் செம்படவர்கள் பரம்பரையாக அந்தக் கோயிலின் பூசையையும் நிர்வாகத்தையும் கவனித்து வருபவர்கள்.

அந்த அம்மனின் காவல் தெய்வம் பாவாடைராயன். முறுக்கு மீசையும் கையில் ஆயுதமுமாக நிற்பவன். அங்காளம்மன் கோயில் எங்கே எழுந்தாலும் அவனுக்கும் ஓர் இடம் ஒதுக்குவார்கள். கதை ஊருக்கு ஊர் மாறும். ஒரு ஊரில் அவன் அம்மனின் வளர்ப்புப் பிள்ளை, இன்னொரு ஊரில் முதல் பூசாரி, மற்றோர் ஊரில் வாசலில் நிற்கும் காவல்காரன். எல்லாக் கதையிலும் அம்மனை அணுக வேண்டுமானால் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

‘ராயன்’ என்ற பின்னொட்டு விஜயநகர காலத்துப் பட்டம். அரசர்களுக்கு வழங்கிய ‘ராயர்’ வடதமிழகத்துக் கிராமத் தெய்வங்கள் வரை இறங்கி வந்தது. காத்தவராயனையும் இதே வரிசையில் வைக்கலாம். காத்தவராயனைக் கும்பிட்டவர்கள் பிள்ளைக்குக் ‘காத்தான்’ என்று சுருக்கிப் பெயர் வைத்தார்கள். பாவாடைராயனைக் கும்பிட்டவர்கள் ‘பாவாடை’ என்று சுருக்கினார்கள். சிலர் ‘பாவாடைசாமி’ என்று நீட்டினார்கள், சிலர் முழுப் பெயரையும் அப்படியே வைத்தார்கள்.

இது பெரும்பாலும் வேண்டுதலில் வரும் பெயர். பிள்ளை தங்காத வீட்டில், அல்லது பிள்ளைக்கு நோய் தீராத வீட்டில், பிழைத்தால் உன் பெயரையே வைக்கிறோம் என்று நேர்ந்துகொள்வார்கள். ஆண் என்றால் பாவாடை, பெண் என்றால் அங்காயி, அங்கம்மாள், அங்காளம்மாள். இதைக் குப்பன், பிச்சை போன்ற பெயர்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அவை காலன் கண்ணில் படாமலிருக்கப் பிள்ளையை வேண்டுமென்றே தாழ்த்திச் சொல்லும் பெயர்கள். பாவாடை அந்தக் கணக்கில் வராது. வைத்தவர்களைப் பொறுத்தவரை அது முருகன், மாரிமுத்து போல நேரடியான சாமி பெயர்.

2. சாமிக்கு அந்தப் பெயர் ஏன்?

இன்றைய காதில் பாவாடை என்றால் பெண்பிள்ளைகள் இடுப்பில் கட்டும் உடை மட்டும்தான். தமிழ் அகராதிகளைப் புரட்டினால் அது பல பொருள்களில் ஒன்று என்பது தெரியும்.

(அ) தரையில் விரிக்கும் துணி. பெரியவர்களோ சாமியோ நடந்து வரும்போது கால் மண்ணில் படாமல் விரிப்பது. இதற்கு நடைபாவாடை என்று பெயர். யாழ்ப்பாணத்தில் நிலபாவாடை என்பார்கள்.

(ஆ) தெய்வத்தின் முன் துணி விரித்து அதன்மேல் குவித்துப் படைக்கும் சோறு. இந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. திருமலையில் வியாழக்கிழமைதோறும் நடக்கும் திருப்பாவாடை சேவையில் புளியோதரையை மலை போல் குவிக்கிறார்கள். திருவரங்கத்தில் ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்துக்கு மறுநாள் பெரிய திருப்பாவாடை. சோற்றோடு மா, பலா, வாழைப் பழங்களைச் சேர்த்துப் பரப்பிப் படைப்பார்கள்.

(இ) பெண்கள் உடை.

மூன்றுக்கும் பொதுவானது பரப்பிய துணி. பாவுதல் என்றால் பரவுதல். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலைப் பாவு என்கிறோம். அங்காளம்மன் வழிபாட்டில், அதுவும் மயானக் கொள்ளையில், சோறும் தானியமும் காய்கறியும் குவித்துப் படைத்து வாரி இறைப்பதே நடுநாயகமான சடங்கு. அதை நினைத்துப் பார்த்தால், அம்மனின் முதல் பணியாளனுக்குப் படையலைக் குறிக்கும் சொல் பெயராக அமைந்தது பொருத்தமாகவே எனக்குத் தோன்றுகிறது. அம்மன் நடந்து வரத் துணி விரித்தவன் என்று சொன்னாலும் மறுக்க மாட்டேன். கன்னடத்தில் ‘பவாட’ என்றால் அற்புதம், ராயனும் விஜயநகர வழி வந்த பட்டம், ஆகவே இரண்டையும் முடிச்சுப் போடலாம் என்று ஆசை வரும். ஒலி ஒத்துப்போவதைத் தவிர அதற்கு வேறு பிடிப்பு இல்லை.

சாமிக்குப் பெயர் எந்த வழியில் வந்திருந்தாலும், மனிதனுக்கு வந்தது சாமியிடமிருந்து. தாத்தாவின் பெயரைப் பார்த்துத் துணிக்கடை ஞாபகம் வந்தால் பிழை நம் காலத்துக் காதில் இருக்கிறது.

3. மலாயாவுக்கு வந்த வழி

1910இல் ஒப்பந்தக் கூலி முறை கைவிடப்பட்ட பிறகு, மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தது பெரும்பாலும் கங்காணிகளே. 1907இல் ஏற்படுத்திய தமிழர் குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் செலவு போனது. நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் முகாம்கள். அங்கிருந்து கப்பலேறிப் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்குவார்கள். 1938இல் இந்திய அரசு தடை போடும் வரை இது ஓடியது.

பெயர் ஆராய்ச்சிக்கு இதில் முக்கியமான விஷயம் ஒன்று. கங்காணி அறிமுகமில்லாத ஊரில் ஆள் பிடிப்பதில்லை. தன் கிராமம், தன் மனைவியின் கிராமம், பக்கத்துக் கிராமம் என்று போவார். அப்படிச் சேர்த்தவர்களையெல்லாம் ஒரே தோட்டத்தில், பல சமயம் ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) கொண்டுவந்து இறக்குவார். அதனால் இங்குள்ள தோட்டங்களில் பெயர்கள் கொத்துக் கொத்தாக வந்தன. தஞ்சாவூர்க் கங்காணியின் ஆட்கள் இருந்த தோட்டத்தில் ஒருவகைப் பெயர், சேலத்துக்காரர்கள் இருந்த தோட்டத்தில் வேறு. பாவாடை என்ற பெயர் கிடைக்கும் இடத்தில் அங்கமுத்து, அங்காயி, காத்தான் என்று ஒரு கூட்டமே கிடைத்தால், அந்தக் கங்காணி பழைய தென்னாற்காடு ஜில்லாவிலோ அதை ஒட்டிய வடாற்காட்டிலோ ஆள் எடுத்திருக்கிறார் என்று ஊகிக்கலாம். இன்றைய கணக்கில் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், திருவண்ணாமலை மாவட்டங்கள், கூடவே புதுச்சேரி.

பெயரை வைத்துச் சாதியைக் கண்டுபிடிக்க முயல்பவர்கள் ஏமாந்து போவார்கள். அந்த வட்டாரத்தில் அங்காளம்மனைக் குலதெய்வமாகக் கொண்டவர்கள் பல சாதிகளில் இருக்கிறார்கள். பாவாடை என்ற பெயர் வட்டாரத்தைச் சொல்லும், வழிபாட்டைச் சொல்லும், அதோடு நிற்கும்.

பெஸ்தாரி ஜெயாவுக்கு வருவோம். கோலசிலாங்கூர் மாவட்டத்தில் சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ஊர். சுற்றிலும் ரப்பர், பிறகு செம்பனை. நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மேரி என்று தோட்டங்கள். நாட்டிலேயே முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டமும் இந்தப் பக்கம்தான். 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர் தோட்டத்துக்குத் தமிழ்ப் பெயர், உள்ளே நட்டதோ செம்பனை.

ஊரின் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. பத்தாங் என்றால் தண்டு, கம்பு. பெர்ஜுந்தை என்றால் தொங்குவது. சேர்த்துச் சொன்னால் மலாய்க்காரர் காதில் என்ன கேட்கும் என்று விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துத் தமிழர்கள் பல தலைமுறையாகச் சிரிக்காமல் அந்தப் பெயரைச் சொல்லி வந்தார்கள், பழைய ஆட்கள் இன்னும் அதைத்தான் சொல்கிறார்கள். பாவாடை என்ற பெயரைக் கேட்டு எந்த மலாய் அதிகாரியும் சிரித்திருக்க வழியில்லை. அவருக்கு அது தமிழர் பெயர்களில் இன்னொன்று. சிரிப்பு வந்ததெல்லாம் நம்மவர்களிடமிருந்தே. பெயர் மறைந்த கதையை இதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

4. எத்தனை பேருக்கு இருந்தது?

முனியாண்டி, பெருமாள் அளவுக்கு இது ஒருபோதும் பரவலாக இருந்ததில்லை. மலாயா முழுவதும் தெளித்தாற்போல் இல்லாமல் சில தோட்டங்களில் மட்டும் திரண்டிருந்த பெயர். பாவாடையே இல்லாத தோட்டம் ஏராளம். இருந்த தோட்டத்தில் ஒருவரோடு நிற்காது. ஒரே பெயரில் பலர் இருந்தால் செக்ரோலில் பாவாடை 1, பாவாடை 2 என்று எண் போட்டு எழுதுவது வழக்கம். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது குழப்பம் வரக்கூடாது அல்லவா. லயத்தில் எண்ணுக்கு வேலை இல்லை. நெட்டைப் பாவாடை, கடைசி லயத்துப் பாவாடை என்று அடையாளம் சேர்த்துக்கொள்வார்கள்.

வீட்டுக்குள் ஒரு சங்கடம் இருந்திருக்கும். கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் பெண்கள் வாயால் சொல்லாத காலம் அது. மாமனார் பெயர் பாவாடை என்றால் மருமகள் தன் மகளுக்குத் துணி எடுக்கப் போகும்போது கடையில் என்னவென்று கேட்பாள்? பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைத்துவிட்டு, அவனைத் ‘தம்பி’ என்றோ ‘சின்னையா’ என்றோ கூப்பிட்டதற்கும் இதே தடைதான் காரணம். ஏட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று வளர்ந்தவர்கள் அந்தத் தலைமுறையில் அநேகம் பேர்.

5. எழுத்தில் ஏறியபோது

தோட்டத்துக் கிராணிகளில் பலர் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் அல்லது மலையாளிகள். யாழ்ப்பாணத்துக் கிராணிக்கு நிலபாவாடை தெரியும், மேல்மலையனூர்ச் சாமி தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. மலையாளிக் கிராணி தன் காதுக்குக் கேட்டபடி எழுதுவார். ரோமன் எழுத்தில் ‘பவடை’, ‘பாவடே’, ‘பவாடி’, ‘பாவடாய்’ என்று எப்படியும் படிக்கத்தக்க எழுத்துக்கூட்டுகள் இப்படித்தான் வந்தன. மலாய்ச் சொற்களில் ‘வி’ என்ற எழுத்து அபூர்வம் என்பதால் அதற்குப் பதில் ‘டபிள்யூ’ போட்டவர்களும் உண்டு.

அவசரகாலம் அறிவித்த 1948இல் 12 வயது நிறைந்த அனைவருக்கும் அடையாள அட்டை கட்டாயமானது. அதுவரை செக்ரோலில் ஒரு மாதிரி, பிறப்புப் பதிவில் ஒரு மாதிரி, கோயில் நன்கொடை ஏட்டில் தமிழில் ஒரு மாதிரி என்று மிதந்துகொண்டிருந்த பெயர் அன்றைக்குப் பதிவு செய்த அதிகாரி எழுதியபடி உறைந்துபோனது. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தார். சரிபார்க்க அவரிடம் எதுவுமில்லை.

6. ஏன் மறைந்தது?

கேலிக்குப் பயந்து விட்டுவிட்டார்கள் என்று ஒரே வரியில் பதில் சொல்பவர்கள் அதிகம். கேலியும் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் பெயர் எழுதும் முறையிலேயே இருக்கிறது.

முதலாவது, ‘அனாக் லெலாக்கி’ முறை. மலேசியத் தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், பிறகு ‘அனாக் லெலாக்கி’ அல்லது ‘அனாக் பெரெம்புவான்’, பிறகு அப்பா பெயர். ஆங்கிலேயர் காலத்தில் இதையே ‘சன் ஆஃப்’, ‘டாட்டர் ஆஃப்’ என்று எழுதினார்கள். பாவாடையின் மகன் மாணிக்கம் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஐசியில் ‘மாணிக்கம் அனாக் லெலாக்கி பாவாடை’ என்று இருக்கும். மாணிக்கத்தின் மகன் குமாரின் ஐசியில் மாணிக்கம் மட்டும் இருக்கும். பாவாடை போய்விட்டார். யாரும் வெட்கப்படாமல், யாரும் எதையும் மாற்றாமல், படிவத்தை ஒழுங்காக நிரப்பியதாலேயே ஒரு பெயர் இரண்டாம் தலைமுறையில் ஏட்டை விட்டு இறங்கிவிடுகிறது.

மொரீஷியஸோடு ஒப்பிட்டால் இது பளிச்சென்று விளங்கும். அங்கேயும் கரும்புத் தோட்டத்துக்குத் தமிழர்கள் போனார்கள். அங்கே கப்பலிலிருந்து இறங்கியவரின் பெயர் குடும்பப் பெயராக மாறி, வாரிசுகள் எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது. அதனால் ‘பாவாடே’ என்ற குடும்பப் பெயர் அங்கே இன்றும் வழங்குகிறது. தமிழ் பேசாத, பிரெஞ்சும் கிரியோலும் பேசுகிற ஒருவர் அந்தப் பெயரைச் சாதாரணமாகச் சுமக்கிறார். தமிழ்ப் பள்ளியும் தமிழ்ப் பத்திரிகையும் உள்ள மலேசியாவில் அந்தப் பெயர் ஏறக்குறைய இல்லை. மொழி இருந்தால் பெயர் தங்கும் என்ற நம்பிக்கைக்கு இது சரியான அடி.

இரண்டாவது, தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் தளர்ந்தது. ‘அனாக் லெலாக்கி’ முறை ஒரு பெயரை இறக்கிவிடும் அதே கட்டத்தில், இந்த வழக்கம் அதை மறுபடி மேலே தூக்கிவிட்டது. பாவாடை மகன் மாணிக்கம், மாணிக்கம் மகன் பாவாடை என்று சுற்றிக்கொண்டே இருந்தது. வழக்கம் நின்றதும் சுற்று அறுந்தது.

மூன்றாவது, பெயர் வைப்பதில் அடித்த அலைகள். பெரியார் 1929 கடைசியில் மலாயா வந்தார், 1954இல் மறுபடி வந்தார். சுயமரியாதைக் கருத்தும், பிறகு சிங்கப்பூர் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னெடுத்த தமிழர் திருநாள் போன்ற முயற்சிகளும் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் வழியாக லயம் வரை போயின. இளங்கோ, அன்பழகன், தமிழ்ச்செல்வன், மணிமேகலை என்று பிள்ளைகள் பிறந்தார்கள். அடுத்து சினிமாப் பெயர்கள். அதற்கும் அடுத்து எண்கணிதம் பார்த்து வைக்கும் ‘ஷ’ வரிசை. மூன்று அலையும் ஒன்றுக்கொன்று ஆகாதவை என்றாலும், கிராமத்துச் சாமி பெயர் வேண்டாம் என்பதில் மட்டும் மூன்றும் ஒன்று.

நான்காவது, சாமியே பின்னுக்குப் போனது. தோட்டத்து ஓரத்தில் கள்ளும் சுருட்டும் கோழியும் வாங்கிக்கொண்டிருந்த காவல் தெய்வங்களின் கோயில்கள் பல இப்போது கோபுரம் எழுப்பி, ஐயர் வைத்து, கும்பாபிஷேகம் கண்டுவிட்டன. பலி நின்றது. மூலவர் இடத்தில் பெரிய தெய்வம் வந்தது, காவல்காரன் பக்கவாட்டு மாடத்துக்குப் போனான். தோட்டம் விற்கப்பட்டுக் கோயில் இடம் மாறியபோது சில இடங்களில் அந்த மாடமும் கூட வரவில்லை. சாமியை அன்றாடம் கும்பிடாத வீட்டில் அவன் பெயரை நேர்ந்துகொள்ள யார் இருப்பார்கள்?

ஐந்தாவதுதான் கேலி. தோட்டத்தில் எல்லாரும் ஒரே வட்டாரத்துக்காரர்களாக இருந்தவரை பாவாடை என்றால் சாமி என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது மற்ற வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். வாத்தியார் ‘அப்பா பெயர் என்ன?’ என்று கேட்டு வகுப்பின் முன் சொல்லச் சொல்வார். வகுப்பு சிரிக்கும். அடுத்த வருடம் அந்தப் பையன் அப்பா பெயரைப் ‘பாவா’ என்றோ ‘ராயன்’ என்றோ சொல்லக் கற்றுக்கொள்வான். இப்போது சமூக வலைத்தளங்களில் ஒரு மதத்தினரை இழித்துச் சொல்லவும் இந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். எஞ்சியிருக்கும் சிலருக்கும் அது கூடுதல் தலைவலி.

7. பதிவிலாகா தடுக்குமா?

இன்று ஒருவர் குலதெய்வத்தை நினைத்துப் பிள்ளைக்கு இந்தப் பெயரை வைக்க நினைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் எழுகிறது.

2006இல் தேசியப் பதிவிலாகா விரும்பத்தகாத பெயர்கள் பற்றிய வழிகாட்டியை வெளியிட்டது. விலங்கு, பூச்சி, பழம், காய்கறி, நிறம் ஆகியவற்றைக் குறிக்கும் பெயர்களையும், இழிவான பொருள் தரும் பெயர்களையும் தவிர்க்கும்படி சொன்னது. அப்போது செய்திகளில் வெளிவந்த எடுத்துக்காட்டுகளில் கருப்புசாமியும் ஒன்று. அது நிறத்தின் பெயராம். கோடிக்கணக்கானவர்கள் கும்பிடும் காவல் தெய்வத்தை அகராதியில் சொல்லுக்குச் சொல் தேடினால் கிடைக்கும் விளைவு அது. பாவாடைக்கும் அதே ஆபத்து இருக்கிறது. சொல்லைத் தேடுகிறவர் கண்ணில் உடை படும், சாமி படமாட்டார்.

ஆகவே வைக்க விரும்புகிறவர்கள் ‘பாவாடைராயன்’ என்று முழுதாக வைப்பது உத்தமம். அது தெய்வத்தின் பெயர் என்று விளக்கிச் சொல்லவும் எளிது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் தப்பிக்கவும் அதுவே வசதி. ‘ராயன்’ என்று கூப்பிட்டுக்கொள்ளலாம், கேட்பதற்கு இன்றைய பெயர் போலவே இருக்கிறது.

8. பழைய ஆவணங்களில் இந்தப் பெயர் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை

பெயர் மறைந்தாலும் அதன் எழுத்துப் பிழைகள் மறையவில்லை. சொத்து மாற்றம், இறந்தவரின் சேமநிதிப் பணம், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை என்று எதற்குப் போனாலும் தலைமுறைச் சங்கிலியைக் காட்ட வேண்டியிருக்கிறது. குமாரின் பிறப்புச் சான்றிதழில் அப்பா மாணிக்கம். மாணிக்கத்தின் சான்றிதழில் அப்பா ‘பாவடே’. தாத்தாவின் ஐசியிலோ ‘பவாடை’. அலுவலகத்தின் கண்ணுக்கு இவர்கள் இரண்டு பேர்.

(1) எதையும் திருத்தப் போகுமுன், எத்தனை எழுத்துக்கூட்டுகள் இருக்கின்றன என்று பட்டியல் போடுங்கள். பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றிதழ்கள், பழைய ஐசி, பழைய பாஸ்போர்ட், சேமநிதி அறிக்கை, நிலப்பட்டா எல்லாவற்றையும் பாருங்கள். ஐசியில் ‘@’ குறி போட்டு இரண்டு பெயர்கள் இருந்தால் அதிர்ஷ்டம், இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு அந்த வரியே சாட்சி.

(2) இறந்துபோனவரின் ஆவணத்தைத் திருத்துவது நீண்ட வேலை. பல இடங்களில் 1960ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டப்படி, இந்தப் பெயர்கள் யாவும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று வாரிசு எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திடும் பத்திரம் கேட்பார்கள். நம்மூரில் சும்பா பேப்பர் என்பது இதைத்தான். எல்லா எழுத்துக்கூட்டுகளையும் ஒரே பத்திரத்தில் எழுதிவிடுங்கள். ஒன்றை விட்டால் அதற்கென்று மறுபடி அலைய வேண்டும். பத்திரத்தை ஏற்பதும் மேலும் ஆதாரம் கேட்பதும் அந்தந்த அலுவலகத்தின் முடிவு என்பதால், எந்த வடிவில் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

(3) பெயர் விசித்திரமாக இருக்கிறதே என்று பிள்ளைகள் ஆவணத்தில் அதை ‘அழகுபடுத்தி’ எழுதுவது உண்டு. திருமணப் பதிவில் தாத்தா பெயரைப் ‘பவதாரன்’ என்று எழுதிவிட்டால் சங்கிலியில் ஒரு புது ஆள் முளைத்துவிடுவார். பழைய எழுத்துக்கூட்டு பிழையாகவே இருந்தாலும் அப்படியே எழுதுங்கள்.

(4) இந்தியாவில் பூர்வீகக் கிராமத்தைத் தேடுகிறவர்களுக்குப் பாவாடை என்ற பெயர் வட்டாரத்தை மட்டும் தரும். கிராமத்தின் பெயர் வேண்டுமானால் தோட்டத்துச் சுடுகாட்டுக்குப் போங்கள். அந்தத் தலைமுறைக் கல்லறைகள் சிலவற்றில் ‘தென்னாற்காடு ஜில்லா, செஞ்சி தாலுகா’ என்று தொடங்கிக் கிராமம் வரை தமிழில் வெட்டியிருப்பார்கள். எழுத்து தேய்ந்திருந்தால் தண்ணீர் தெளித்துவிட்டு, காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெயிலில் படமெடுத்தால் ஓரளவு படிக்கலாம். உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது. தோட்டம் கைமாறுகிறது என்று பேச்சு அடிபட்டால் இந்த வேலையை முதலில் முடியுங்கள். இடம் வீடமைப்புக்குப் போன பிறகு கல்லைத் தேடி அலைவது வீண்.

(5) கோயில் நன்கொடை ஏடும் உதவும். அதில் பெயர் தமிழில் இருக்கும், எழுதியவர் பெரும்பாலும் அதே வட்டாரத்துக்காரர். ரோமன் எழுத்தில் ‘பவாடி’ என்று கிடப்பவர் அங்கே ‘மலையனூர் பாவாடைராயன்’ என்று முழுதாக நிற்கக்கூடும். சட்டப்படி அது பெரிய ஆதாரம் ஆகாது. ஆனால் எந்தத் தாலுகாவில் விசாரிக்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.